சென்னம்மாவின் நாற்பது அடி பாக்கி

குழாயடியில் நிற்கிறவர்கள் எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சென்னம்மா மட்டும் குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பதின்மூன்று வருடம் அவளுக்குப் பக்கத்தில் குடம் வைத்த சுக்ராவுக்கு, இது ஒரு நாள்கூட மாறியதாக நினைவில்லை. மழை நாளிலும் அப்படித்தான், காய்ச்சலோடு வந்த நாளிலும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் குடத்தில் விழுகிற தண்ணீரின் சத்தம் கொஞ்சம் மேலேறி மெலியும்போது, திரும்பிப் பார்க்காமலே "நெறைஞ்சிருச்சு, எடு" என்பாள். அவள் சொல்வதற்கும் தண்ணீர் குடத்தின் கழுத்தைத் தொடுவதற்கும் சரியாக இருக்கும். அவள் கண் எப்போதும் வரிசையின் மேல்தான். தண்ணீர் விழுகிற இடத்தில் யாரும் திருட முடியாது, வரிசையில்தான் திருட முடியும் என்பது அவள் கட்சி.

அந்தக் குழாய் சிங்கிரிப்பள்ளிக்கு வந்த வரலாறு ஊர் பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்த காலத்தில் ஊருக்கு மேற்கே ஒரு போல்ட்டு கம்பெனி வந்தது. கேழ்வரகுக் கொல்லைகள் போயின. பதிலுக்கு ஊருக்குச் சங்கு கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை ஊதும். கடிகாரம் வாங்குகிற செலவு மிச்சம். கம்பெனிக்காரர்கள் ஆறு போர் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட மாதிரி ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. 1983 கோடையில் பெண்கள் காலிக் குடங்களோடு கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கம்பெனி மனமிரங்கி, புல்தரைக்குத் தண்ணீர் விடுகிற பைப்பைச் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டி, ஒரு குழாயை மாட்டிவிட்டது. குழாய் முக்கால் அங்குலம். அதற்கு மேல் கம்பெனியின் தாராள மனதைப் பற்றி எழுதி வைத்த பலகை ஆறடி. சங்கு ஊதி அரை மணி கழித்து வாட்ச்மேன் உள்ளே வால்வைத் திறப்பார். ஒரு மணி நேரத்தில் மூடிவிடுவார். எண்பது வீட்டுக்கு அந்த ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குச் சட்டம் போட்டவள் சென்னம்மா. யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை. போட்ட பிறகு யாராலும் மாற்றவும் முடியவில்லை. குடம்தான் ஆள், ஆள் எங்கே போனாலும் குடம் நின்றால் போதும். எல்லாரும் ஒரு குடம் பிடித்த பிறகுதான் யாரும் இரண்டாவது குடத்தை நகர்த்தலாம். பிள்ளைத்தாய்ச்சியின் குடம் முன்னால் போகலாம், ஆனால் எத்தனை மாதம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேல்தெருக்காரி ஒருத்தி பதினோரு மாதம் வரை முன்னால் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டாவது மாதம் சென்னம்மா அவளிடம், ஒன்று பிள்ளையைக் காட்டு, இல்லாவிட்டால் பின்னால் போ என்றாள்.

திட்டுவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. அந்த வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நிற்கும். முன்னால் நிற்பவளுக்குத் தெரியாத மொழியில் அவளைத் திட்டிவிட்டு நல்லபிள்ளையாக நிற்பது சிலருக்கு வழக்கம். இது அநியாயம் என்று சென்னம்மா தீர்ப்புச் சொன்னாள். திட்டு வாங்குகிறவளுக்குப் புரிகிற மொழியில்தான் திட்ட வேண்டும். புரியாத மொழியில் திட்டினால் திட்டியவளின் குடம் ஐந்து குடம் பின்னால் போகும். இதனால் ஊரில் பல பெண்களுக்கு மூன்று மொழியும் சரளமாக வந்தது. பள்ளிக்கூடம் செய்யாத காரியம்.

முதல் வாரத்திலேயே, காலனிக்காரர்களின் குடங்கள் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று மேல்தெருப் பெண்கள் சொன்னார்கள். சென்னம்மா வாதாடவில்லை. முதல் ஆளாக வந்திருந்தவள் காலனி மாரம்மா. சென்னம்மா தன் குடத்தை எடுத்து மாரம்மாவின் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல் குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிற்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேல்தெருக் குடங்களும் வந்து பின்னால் நின்றன. சமூக சீர்திருத்தத்துக்கு வால்வு மூடுகிற நேரத்தைப் போல உதவுகிற தத்துவம் வேறு இல்லை.

சுக்ராவுக்கு இதெல்லாம் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். அவள் கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை படித்தவள். பழைய சாக்கும் தகர டிரம்மும் வாங்கி விற்கிற தஸ்தகீருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். மாவு மில்லுக்குப் பின்னால் பள்ளிவாசலை ஒட்டிப் பதினொரு வீடுகள் உள்ள சந்தில் குடியிருந்தாள். வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அவளிடம் யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை. கைநாட்டுச் சென்னம்மாவிடம்தான் கேட்டார்கள். படிப்புக்கு அங்கே இருந்த மரியாதை, ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதோடு முடிந்துவிடும்.

இத்தனை ஆட்சியும் சங்குக்கும் வால்வுக்கும் நடுவில்தான். குடத்தை இடுப்பில் வைத்து ஊருக்குள் திரும்பிவிட்டால் சென்னம்மா வேறு ஆள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் தலையைக் குனிந்து, கதவோரம் நிற்பாள். கேட்டதற்கு "ம்" என்பாள். அவள் புருஷன் வெங்கடப்பன், ஊர்ப் பெரிய மனிதர் திம்மராயனின் டிராக்டரை ஓட்டுகிறவன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு திம்மராயன் வீட்டு வாசலுக்கு வருவாள், வைப்பாள், போவாள். ஊர் ஆம்பிளைகள் அறிந்த சென்னம்மா அவ்வளவுதான். தண்ணீர் எடுக்கப் போவது பொம்பிளை வேலை. அந்தப் பதின்மூன்று வருடத்தில் ஊர் ஆம்பிளை ஒருவர்கூட அந்தக் குழாயடிக்கு வந்ததில்லை. கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் சுவரின் மறுபக்கம் கேட் வழியாகத்தான் போவார்கள்.

1996இல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. சிங்கிரிப்பள்ளித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். திம்மராயன் 1986இல் ஜெயித்துத் தலைவராக இருந்தவர். 1991இல் பதவி போனது, ஆனால் பிரசிடெண்ட் என்ற பெயர் போகவில்லை. சர்க்கார் செய்த இந்தத் துரோகத்தை அவர் ஒரு வாரம் துக்கமாக அனுசரித்தார். பிறகு, நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பேனா யார் கையில் என்பதுதான் விஷயம் என்று தெளிந்தார். சொந்த மனைவியை நிறுத்தலாமே என்று கேட்டவர்களிடம், அவளுக்கு இப்போதே வீட்டில் எதிர்க்கட்சித் தலைவர் பதவி இருக்கிறது, இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்றார். வாய் பேசாத ஒருத்தி வேண்டும். யார் யாரையோ யோசித்து, கடைசியில் சாப்பாட்டுத் தூக்கு கண்ணில் பட்டது.

வெங்கடப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் தன்னிடம் அவள் இருபத்திரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அதிகம் என்று அவன் சத்தியம் செய்தான். உண்மைதான். தினமும் இரண்டு வேளை எண்பது பேரிடம் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச என்ன மிச்சமிருக்கும்?

செய்தி குழாயடிக்கு வந்தபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் மூன்று குடம் உருண்டது. ஊரிலேயே வாய் இல்லாதவள் என்று இவர்கள் சல்லடை போட்டுத் தேடி எடுத்தது சென்னம்மாவையா என்று மாரம்மா மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரித்தாள். எண்பது வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம், எண்பது வீட்டு ஆம்பிளைகளுக்குத் தெரியாமல் இருந்தது. ஒருத்தியும் வீட்டில் மூச்சு விடவில்லை. சதி எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

சென்னம்மா போட்டியின்றி ஜெயித்தாள். திம்மராயன் வார்டு மெம்பராகி, துணைத் தலைவராகவும் ஆனார். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சென்னம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கிற பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். பெண் கல்விக்கு அவர் செய்த முதல் சேவையும் கடைசிச் சேவையும் அதுதான்.

மூன்றாவது மாதம் ஒரு தீர்மானம் எழுதப்பட்டது. கம்பெனி இன்னொரு ஷெட் கட்டப்போகிறது. அதற்கு மேற்குச் சுவரை நகர்த்த வேண்டும், குழாயை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பஞ்சாயத்தின் சம்மதம் வேண்டும். ஊருக்கு நடுவே 1989இல் கட்டிய மேல்நிலைத் தொட்டி ஒன்று நின்றது. நான்கு காலில் கம்பீரமாக நிற்கும். பச்சை வர்ணம். திறப்பு விழாவில் இளநீர் கொடுத்தார்கள். அதைத் தவிர அந்தத் தொட்டியால் யாருக்கும் தாகம் தீர்ந்ததில்லை. அதற்குத் தண்ணீர் வருகிற வழியும் போகிற வழியும் இன்னும் போடவில்லை. அந்தத் தொட்டி இருப்பதால் ஊரில் தண்ணீர் போதுமான அளவு இருப்பதாகவும், கம்பெனிக் குழாய் இனி தேவையில்லை என்றும் தீர்மானம் சொன்னது. குழாய் போன பிறகு ஊருக்கு டேங்கரில் தண்ணீர் கொண்டுவருவது யார் டிராக்டர் என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை. வெங்கடப்பன் ஓட்டப்போகிறான் என்றால் வண்டி யாருடையது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னபோது சென்னம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வருவதாகத் தரையைப் பார்த்துச் சொன்னாள். கூடத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. பதவி வந்தும் பண்பு போகவில்லை என்று ஒருவர் சொன்னார். பண்பு அன்று மதியமே குழாயடிக்கு வந்து, காகிதத்தைச் சுக்ராவிடம் நீட்டியது.

சுக்ரா உரக்கப் படித்தாள். 'போதுமான அளவு' என்கிற இடத்தில் வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள். மாரம்மா, கையெழுத்துப் போடாதே, அவ்வளவுதானே என்றாள். சென்னம்மா வெகுநேரம் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போடாவிட்டால் புருஷனுக்கு வேலை போகும், மெம்பர்கள் சேர்ந்து வேறு வழியில் நிறைவேற்றுவார்கள், சண்டை அவள் ஒருத்திக்கும் அவர்களுக்கும் என்று ஆகிவிடும். பிறகு சொன்னாள்:

"பிரசிடெண்ட்டு எழுதனா சரியாத்தான் இருக்கும். தண்ணி போதுங்கறாரு. அப்பறம் நாம என்னாத்துக்கு இங்க வந்து நிக்கறோம்? நாளைலேருந்து யாரும் வராதீங்க."

அடுத்த நாள் காலை சங்கு ஊதியது. எண்பது வீட்டிலும் ஒரே வசனம். ஊரில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதாம், பிரசிடெண்ட் காகிதத்திலேயே எழுதியிருக்கிறார், நாங்கள் எதற்குப் போக வேண்டும்? காபி இல்லை. குளியல் இல்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் முகம் கழுவாமல் போனார்கள். மதியம் ஆம்பிளைகள் வரலாற்றிலேயே முதல் முறையாகக் குடத்தோடு குழாயடிக்குப் போனார்கள். குடத்தை எந்தப் பக்கத்து இடுப்பில் வைப்பது என்பதில் தொடங்கி அவர்களுக்கு எல்லாமே சிக்கலாக இருந்தது. யார் முதலில் என்பதைத் தீர்மானிக்க அவர்களிடம் சாதி, வயது, பதவி, உடல் பலம் என்று நான்கு வழிகள் இருந்தன. நான்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். வால்வு மூடும்போது ஒன்பது குடம் நிரம்பியிருந்தது, இரண்டு சட்டை கிழிந்திருந்தது. திம்மராயன் ஆளை வைத்துத் தண்ணீர் எடுக்கப் பார்த்தார். ஆளுக்கும் வீடு இருந்தது, அவனுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

பெண்களும் பிள்ளைகளும் என்ன குடித்தார்கள்? இதை அன்றைக்கு எந்த ஆம்பிளையும் யோசிக்கவில்லை. ஊரில் வற்றாத ஒரே கிணறு பள்ளிவாசல் கிணறு. அதிலும் ஒரு ஆள் உயரத் தண்ணீர்தான். அதை இறைத்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற தொட்டியில் நிரப்பி வைப்பார்கள். கிணற்றுக் கதவின் சாவி பதினைந்து வருடமாகத் தஸ்தகீரிடம் இருந்தது. சாவி என்றால் வெறும் இரும்பு அல்ல. ஜமாத்தில் சாக்கு வியாபாரிக்கு நாற்காலி கிடைத்ததே அந்தச் சாவியால்தான்.

சென்னம்மா சுக்ராவைத் தேடி அவள் வீட்டுக்கே வந்தாள். அவள் அந்தச் சந்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று நாளைக்கு மட்டும் என்றாள். சுக்ரா புருஷனிடம் எப்படிக் கேட்டாள் என்பது வெளியே தெரியாது. தஸ்தகீர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தனக்கு ஓசூரில் மூன்று நாள் வேலை இருக்கிறது, இங்கே என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியாது என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். ஆம்பிளைகள் கம்பெனிச் சுவரடியில் சட்டை கிழித்துக்கொண்டிருந்த அதே ஒரு மணி நேரத்தில், அவர்கள் வீட்டுப் பெண்கள் பள்ளிவாசலின் பின்கதவில் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஒரு சொம்பு. சந்துப் பெண்கள் தங்கள் முறையையும் விட்டுக்கொடுத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் குடித்த பிறகுதான் தாங்கள் எடுத்தார்கள்.

அன்றைக்குப் பின்கதவில் நின்றபடி சென்னம்மா ஒரு வார்த்தை கொடுத்தாள்.

"இந்தா சுக்ரா. நாளைக்கி இந்த ஊருக்கு பைப்பு வந்தா, மொதல் பைப்பு உங்க சந்துக்குத்தான். என் வாயால சொல்றேன்."

"சும்மா இருக்கா நீ" என்றாள் சுக்ரா. ஆனால் அந்த வார்த்தையை அவள் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் திம்மராயன் இரண்டு நாள் தாடியோடு வந்து, தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். சுக்ராவின் கையெழுத்தில் வேறு தீர்மானம் எழுதப்பட்டது: கம்பெனி தன் போரிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை சொந்தச் செலவில் பைப் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், அதன் பிறகு சுவரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். கம்பெனிக்குச் சுவர் அவசரம். ஒப்புக்கொண்டது.

அதே வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் தொட்டியில் கை நனைக்கத் தண்ணீர் இல்லை. தொழ வந்தவர்கள் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நாள் கதையும் வெளியே வந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தது தப்பில்லை, கேட்காமல் கொடுத்ததுதான் தப்பு என்றார்கள். தஸ்தகீரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து, ஆணியைப் பார்த்து, இனிமேல் இதில் சட்டை மாட்டலாம் என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுக்ராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

1998இல் தொட்டியில் தண்ணீர் ஏறியது. தொட்டியிலிருந்து தெருக்களுக்குப் பைப் போடுவது பஞ்சாயத்தின் பொறுப்பு. பணம் வந்தது. பள்ளம் தோண்டினார்கள். சுக்ரா தினமும் மில் முனையில் நின்று பார்த்தாள். முதல் பைப் காலனிக்குப் போனது. காலனி தள்ளியிருக்கிறது, இத்தனை வருடம் அதிக தூரம் நடந்தவர்கள் அவர்கள்தான், சரி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது பைப் திம்மராயன் குடியிருக்கும் மேல்தெருவுக்குப் போனது. மூன்றாவதாக மாவு மில் பக்கம் திரும்பி வந்தது. வந்து, மில் முனையில் நின்றுவிட்டது. பைப் தீர்ந்துவிட்டது என்றார் மேஸ்திரி. பைப்பின் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போனார். சந்தின் வாசலுக்கு அங்கிருந்து நாற்பது அடி. மில்லுக்குப் பின்னால்தான் சென்னம்மாவின் வீடும். அங்கேயும் வரவில்லை.

நாற்பது அடிப் பைப் எங்கே போனது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. திம்மராயனின் தெருவிலிருந்து ஒரு கிளை பிரிந்து அவர் மாட்டுக் கொட்டகைக்குள் போயிருந்தது. சுக்ரா அதைக் காலடியால் அளந்து பார்த்தாள். நாற்பதோடு ஒரு அடி கூட இருந்தது. நான்கு எருமை, ஒரு கன்று. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டாலும் பதினொரு வீடு பெரிது.

அன்று மாலை சென்னம்மாவே மில் முனைக்கு வந்தாள். அவளுக்குப் பழக்கமில்லாத ஒன்றைச் செய்தாள், விளக்கம் சொன்னாள். காசோலையில் திம்மராயனின் கையெழுத்து இல்லாமல் ஒரு அடிப் பைப்கூட வாங்க முடியாது. முதல் பைப் காலனிக்கு என்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார். ஒரு மாதம் மூடியே வைத்திருந்தார். கடைசியில் தன் தெருவையும் கொட்டகையையும் சேர்த்தால் திறக்கிறேன் என்றார்.

"காலனிக்குப் போகணும்னா அவன் கையெழுத்து வேணும். கையெழுத்துக்கு அவன் கேட்ட வெலை அந்தக் கொட்டா. எங்கனா கொறைக்கணும். எங்கூட்டுதையும் உங்க சந்தையும் கொறைச்சேன். உன்னக் கேட்டிருந்தா நீ சரின்னுதான் சொல்லியிருப்பே. அதான் கேக்கல."

சுக்ரா மூடி போட்ட பைப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா. கேக்காம எடுத்துக்கினியே."

அடுத்த நிதி வரும்போது முதல் வேலை இதுதான் என்றாள் சென்னம்மா. அடுத்த நிதி என்ற சொல்லை அவளும் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று சுக்ராவுக்குத் தோன்றியது. தியாகம் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. தன் குடத்தை மாரம்மாவுக்குப் பின்னால் வைத்தது தியாகம். இன்னொருத்தியின் குடத்தையும் சேர்த்து எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, அதையும் தன் தியாகத்தின் கணக்கில் எழுதிக்கொள்வதற்கு என்ன பெயர்? சுக்ராவுக்குப் பெயர் கிடைக்கவில்லை. நல்ல தலைவி என்பதுதான் அந்தப் பெயரோ என்றும் சில நாள் சந்தேகம் வந்தது.

1999 மார்ச்சில் மகளிர் தினம். ஒன்றிய அளவில் சாதனைப் பெண்களைக் கௌரவிக்கிறார்கள் என்று சொல்லிச் சென்னம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் வேண்டும் என்பதால் ஊர்ப் பெண்களையும் ஏற்றினார்கள். மேடையில் ஏழு நாற்காலி. அதில் ஆறில் ஆம்பிளைகள், பெண்களின் பெருமையைப் பேசுவதற்காக. பெண் என்பவள் பூமி என்றார் ஒருவர். நதி என்றார் அடுத்தவர். தண்ணீர் சம்பந்தமாக வந்த பேச்சு அது ஒன்றுதான். திம்மராயன், இந்தச் சகோதரியின் திறமையை 1996லேயே அடையாளம் கண்டவன் தான்தான் என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. பிறகு சால்வை போட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

பேசச் சொன்னபோது சென்னம்மா மைக்கின் முன்னால் நின்று, பந்தலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள். வரிசையை எண்ணுகிற அதே பார்வை. சுக்ரா மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

"நல்லதுதான் சொன்னீங்க எல்லாரும்" என்று தொடங்கினாள் சென்னம்மா. "எங்க ஊர்ல மாவு மில்லு முனையிலேருந்து பாய் சந்து வரைக்கும் நாப்பது அடி பைப்பு..."

நேரமாகிவிட்டது, மதிய உணவு தயார் என்று பக்கத்தில் இருந்தவர் மைக்கை அன்போடு வாங்கிக்கொண்டார். எல்லாரும் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள். தக்காளி சாதம் நன்றாக இருந்தது. வேனில் திரும்பும்போது சென்னம்மா சுக்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் வெயிலில் பளபளத்து ஜன்னலில் வந்து போனது. இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த நாற்பது அடிக்காகச் சென்னம்மா ஒன்றிய அலுவலகத்துக்கு ஒன்பது தடவை போனாள். அவள் வீட்டுக்காக ஒரு தடவையும் கேட்கவில்லை என்று கூடப் போன மாரம்மா வந்து சொன்னாள். ஒன்பதாவது தடவை போய்வந்த வாரத்தில் காய்ச்சல். நவம்பர் மழை. நான்காம் நாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சூளகிரியைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. கார்த்திகை மாதத்தில் ஊர் கண்டிராத கூட்டம். காலனியிலிருந்து ஒரு வீடு மிச்சமில்லாமல் வந்தார்கள். திம்மராயன் மாலை போட்டார், பெரிய மாலை.

சுக்ரா நிலைகொள்ளாமல் ஒரு ஓரமாக நின்றாள். அவள் வீட்டு வழக்கத்தில், மய்யித்தை எடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து நின்று, இறந்தவர் யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள், அல்லது மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார். கேட்டால் ஒன்று கைநீட்டலாம், இல்லை விட்டுக்கொடுக்கலாம். இரண்டில் ஒன்று அங்கேயே தீர்ந்துவிடும். அவளை அறியாமலே அவள் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். பறை முழங்கியது, ஊதுவத்தி எரிந்தது, பூ இறைத்தார்கள், தூக்கினார்கள். யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் தஸ்தகீர் கேட்டார்.

"யாரும் கேக்காட்டி என்ன? நீயே மனசுல மன்னிச்சுடேன். நல்ல பொம்பள. உனக்கும் நன்மை சேரும்."

சுக்ரா காலிக் குடங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிச் சுவர் நகர்ந்துவிட்டது, பழைய குழாய் இல்லை. இப்போது மேல்தெருக் குழாய்க்குத்தான் போக வேண்டும். அங்கே யார் முதலில் வந்தாலும் அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் வெளித்தெருக் குடம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

"மன்னிச்சா தண்ணி வந்துருமா?" என்றாள்.

ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அவ என்கிட்ட பட்ட கடன் அப்படியே இருக்கட்டும். நான் விட்டுட்டா, அந்த நாப்பது அடிய இந்த ஊர்ல கேக்கறதுக்கு வேற யாரு இருக்கா?"

குடங்களை எடுத்துக்கொண்டு போனாள். புதிதாகத் தலைவர் பொறுப்பு ஏற்றிருந்த துணைத் தலைவர் திம்மராயனிடம் பத்தாம் நாள் போய்க் கேட்டாள். பெரிய மனது பண்ணி அவர் உட்காரச் சொன்னார். மறைந்த தலைவியின் நினைவாகத் தொட்டிக்குப் புது வர்ணம் அடித்து, அவள் பெயரை எழுத ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். பைப்பைப் பற்றி அடுத்த நிதியில் பார்க்கலாம் என்றார். தொட்டியில் இப்போது சென்னம்மாவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, கம்பெனி ரோட்டிலிருந்தே படிக்கலாம். பைப் மாவு மில் முனையில் நிற்கிறது.